ஊதாப் புள்ளி

ஆறாம் இலக்க அறையில்
ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை,
யாரோ நன்கொடையாய்த் தந்த ஒரு பெட்டி.
அதிலிருந்து வயரோடு இரண்டு பேனாக்கள்.
"சூடு வருமா மிஸ்?"
வராது.
"குத்துமா?"
குத்தாது.
"அப்ப இது என்னதான் செய்யும்?"

கன்னியாவில் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிவிட்டு
ஈரச் சாரத்தோடு வந்திருந்தார் கிண்ணியா சஹாப்தீன்.
சுட்டால்தான் அவருக்கு வைத்தியம்.
நான் அவர் முழங்காலில் வைத்ததோ
கண்ணுக்கே படாத வெளிச்சம்.
புள்ளிக்கு நாற்பது வினாடி, நான்கு ஜூல்.
"இன்னும் கொஞ்சம் கூட விடுங்களன்" என்றார்.
கூட விட்டால் கூடாது என்றேன்.
பாதி விளங்கியும் பாதி மனப்பாடமாயும்
நான் சொல்லும் பதில் அது.

மற்றப் பேனா சிவப்பு. அது வாய்க்கு.
பாலையூற்று மரியநேசன்
மீன்சந்தையில் ஏலம் கூறுகிறவர்.
வயிற்றுக் கட்டிக்கு ஏற்றிய மருந்து
நாக்கின் ஓரமெல்லாம் உரித்துவிட்டிருந்தது.
கொப்பியில் எழுதிக் காட்டினார்:
தண்ணியும் எரியுது.
கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு
உள்ளே நுனியை வைத்தேன்.
கன்னம் வெளியே வரை சிவந்தது,
இரவில் படங்குக்குள்ளே யாரோ
டோர்ச் அடித்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல.
நாற்பது எண்ணினேன். அடுத்த புள்ளி.
அவர் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
எண்களை மேலே மேலே ஏற்றுவது
தன் தொழில் என்பதுபோல.

வியாழக்கிழமை மின்சாரம் போய் வந்தது.
ஏதோ யோசனையில்
முழங்கால் பேனாவின் முன்னே கைபேசிக் கமராவைப் பிடித்தேன்.
கண்ணுக்குத் தெரியாததைக் கமரா காட்டும்,
ஊதா நிறத்தில், ஒரு புள்ளியாய்.
புள்ளி இல்லை.
பெட்டி பீப் என்றது, வினாடி இறங்கியது,
பேனா மட்டும் இருட்டு.
எப்போதிருந்து?
திங்களா, அதற்கும் முதலா?

புதன்கிழமைதானே சஹாப்தீன் சொன்னார்,
"நேத்து சுஜூதுக்கு முழங்கால் மடிஞ்சிச்சி மிஸ்" என்று.
எது மடக்கியது?
வெந்நீரா? என் கையா?
நாற்பது வினாடி ஒருத்தி அசையாமல்
அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்ததா?

பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்:
விளக்கு எரியவில்லை, நாள் தெரியாது.
"இதையெல்லாம் எழுதாத" என்றாள் சந்திரிகா அக்கா.
எழுதியாகிவிட்டது.
அவருக்கும் சொன்னேன்.
தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.
பிறகு, "வயர மாத்தினா
நெச வெளிச்சத்தையும் வைங்க.
ரெண்டையும் பாப்பம்."

அன்றிலிருந்து சிவப்பையும் நம்பப் பயமாயிருந்தது,
கண் முன்னே எரிந்தாலும்.
வாய்ப்புண் இரண்டு கிழமையில் தானாகவும் ஆறும்.
ஆய்வுகள் ஆம் என்கின்றன,
வாயைப் பற்றித் துணிந்து,
முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் இழுத்து.
ஆறாம் நாள் மரியநேசன்
ஆறவைத்த பிளேன்டீ அரைக் கோப்பை குடித்தார்.
எட்டாம் நாள், திரைக்கு வெளியே,
மருந்து வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்க:
"சூடை ஒரு கூடை! மூவாயிரம்!
மூவாயிரத்தி நூறு! நூத்தம்பது!"
துண்டோடு நின்ற ஒரு மனுசி
மூவாயிரத்தி இருநூறு என்றாள்.
சிற்றூழியர் வந்து அதட்டுமட்டும்
கூடை அவளுடையதாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கள் அவருக்கு மூன்றாம் ஊசி.
வாய் திரும்பவும் உரியும், அவருக்கும் தெரியும்.

நான் இப்போது ஏழரைக்கே வந்துவிடுகிறேன்.
சன்னலைச் சாத்தி
புது வயர் போட்ட பேனாவைக் கமராவுக்குக் காட்டுகிறேன்.
என் கைபேசியில் இப்போது
பஸ் தரிப்பில் நின்ற மான்கள்,
மகளின் பிறந்தநாள் கேக்,
இடையிடையே பதினேழு ஊதாப் புள்ளிகள்.
"இது என்ன அம்மா, ஒண்டும் இல்லாத படம்?"
அழிக்காதே என்றேன்.