பனி வந்தால்

புனலூர் டாக்டர் சீட்டை நீட்டியபடி சொன்னார்:
"பனி வந்நால் உடனே விளிக்கணம்."
காய்ச்சலுக்கு அங்கே பனி என்று பேர்.
புளியரையில் எனக்குத் தினமும் பனிதான்,
ஆரியங்காவு வளைவுகளில் இறங்கிவந்து
சோதனைச் சாவடித் தகரத்தில் சொட்டும்.

பறவைக்காய்ச்சல் மாதம்.
கோழி லாரிகளின் டயருக்கு மருந்தடிக்கிறேன்.
போன வருஷமென்றால்
நாலாவது லாரி வருவதற்குள் வயிறு முறுக்கும்.
பைப்பை மாடக்கண்ணு கையில் திணித்துவிட்டு ஓடுவேன்.
"மறுபடியுமா சார்?"
ரத்தம் போவதை அவனிடம் சொன்னதில்லை.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மாத்திரை.
சொந்தக் குடலையே கள்ளக்கடத்தல் என்று
மறித்து மறித்து எரித்த காவலுக்கு
கொஞ்சம் தூக்கம்.
தூங்கும் காவல்
நிஜக் கள்ளன் வந்தாலும் தூங்கும்தானே?
மாதம் ஒருமுறை தென்காசி லேபில்
வெள்ளையணுக்களை எண்ணித் தருகிறார்கள்.
நாலாயிரத்து இருநூறு.
போதுமாம்.

நேற்று ஒரு டிரைவர்
இருமிக்கொண்டே பெர்மிட்டை நீட்டினார்.
மாஸ்க்குக்குள் மூச்சைப் பிடித்து சீல் வைத்தேன்.
"எந்தா சாரே, பேடியா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

விடியவில்லை இன்னும்.
நெற்றி நனைந்திருக்கிறது.
புறங்கையை வைத்துப் பார்க்கிறேன்,
எந்த ஊர்ப் பனி என்று.