ஐந்து நொடி பிந்தி

ஆர்விட் நீமிக்காகத்தான் டிவியில் எழுத்தை வரவழைத்தேன்.
ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல்
ஒரு மாலை முழுக்க வானிலை ஸ்பானிஷில் ஓடியது.
சுப்பீரியர் ஏரிக்கரையில்
யாருக்கும் தெரியாத மொழியில் பனி பெய்தது.
பிறகு பிடிபட்டது:
கறுப்புப் பட்டை, வெள்ளை எழுத்து,
இரண்டிரண்டு வரியாகக் கீழிருந்து ஏறி
மேலே போய்க் கரையும்.

காகித ஆலையின் மூன்றாம் எந்திரம்
முப்பத்தொரு வருஷம் அவர் காதைத் தின்றது.
மிச்சத்துக்கு ஓய்வூதியம் தந்தது.

நேரலையில் எழுத்து எப்போதும் ஐந்து நொடி பிந்தும்.
பேசியவர் வாயை மூடித் தண்ணீர் குடிக்கும்போதுதான்
அவர் பேச்சு வந்து சேரும்.
அதனால் என் பாரில் சிரிப்பு இரண்டு தவணை.
முதலில் நாங்கள்.
பிறகு, எல்லோரும் கோப்பையைக் கையில் எடுத்துவிட்ட பிறகு,
மூலை நாற்காலியிலிருந்து ஆர்விட்.
அந்த இரண்டாம் சிரிப்புக்காகவே
சுமாரான ஜோக்குக்கும் காத்திருப்போம்.

எழுத்தில் விழும் பிழைகளை நான் சேர்த்து வைக்கிறேன்,
கல்லாவுக்கு அடியில், கடன் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில்.
மேயர் உரையாற்றிய நாளில்
பெண்குதிரை உரையாற்றியது.
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஓசை அவ்வளவு நெருக்கம்.
ஒரு பாதிரியார் கண்மூடி ஜெபிக்கிறார், கீழே
[தெளிவற்ற பேச்சு].
இப்படி நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை. கர்ட் லெவாண்டருக்குப் பிறந்த நாள்.
ஜூக்பாக்ஸ் உச்சத்தில்.
இரண்டாம் ஷிப்ட் முடித்தவர்கள்
சட்டையில் கந்தக வாடையோடு வந்து நிற்கிறார்கள்.
கர்ட் புது ட்ரக்கின் சாவியைக் கவுண்டரில் வைத்து
அதற்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொன்னான்.
ஊற்றினேன்.
டிவியின் குரல் யார் காதுக்கும் எட்டவில்லை.

உள்ளூர்ச் செய்தி.
பட்டையில் ஏறியது:
ஆலை ஆடைகள் மார்ச் முப்பத்தொன்று.
நான் சிரித்தேன்.
நோட்டை எடுத்து நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன்.
அடுத்த வரி: நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதற்கடுத்து: [இசை].
மெத்தை விளம்பரம்.

இரண்டாம் தவணைச் சிரிப்புக்காகத் திரும்பினேன்.
ஆர்விட் சிரிக்கவில்லை.

'ஆடைகள்' என்றும் 'மூடுகிறது' என்றும்
நாக்கு எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே புரளும்.
காதால் கேட்டிருந்தால் நான் இடறியிருக்க மாட்டேன்.
ஆறு பனிக்காலமாக
பிழைக்கு அடியில் இருக்கும் சொல்லைத்
தோண்டி எடுத்தே படித்துப் பழகியவருக்கு
அது ஒரு கண்சிமிட்டல்.

எப்போதும் கடைசியில் வந்து சேர்கிறவர்
இந்த ஊரிலேயே முதல் ஆளாக
அங்கே போய் நின்றுகொண்டிருந்தார்.

பேனா நோட்டின் மேல் நின்றது.
என் வாய் திறந்திருக்க வேண்டும்.
அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து
வயிற்றுக்கு நேரே மெல்லத் தாழ்த்தினார்.
ஆலைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை;
அந்த இரைச்சலில் கைதான் நாக்கு.
காகிதம் அறுந்துவிட்டது,
ஓடாதே, நின்ற இடத்தில் நில்:
அதற்குத்தான் அந்தக் கை.
என் அண்ணன் சாப்பாட்டு மேசையில்கூட அதைச் செய்வான்.

நின்றேன்.

கர்ட் பூல் மேசைமேல் குனிந்திருந்தான்.
எட்டாம் பந்து, தூர மூலை.
அவன் சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
எடுக்கவில்லை.
மறுபடி அதிர்ந்தது.
கதவோரம் இன்னொருவனின் போன் வெளிச்சம் காட்டியது;
அவனும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுந்தது.

பார் மொத்தமும் கத்தியது.
ஆர்விட்டும் மேசையைத் தட்டிக் கத்தினார்,
ஒரு நொடியும் பிந்தாமல்.