முப்பத்தெட்டு முடிச்சு

புந்தா அரேனாஸில் காற்று
ஆளைத் தூக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டே கடக்கலாம்.
அன்று நான் பிடிக்கவில்லை.
இரண்டு கையிலும் மடிக்கணினியை
அணைத்திருந்தேன்.

அதற்குள் இருந்தவை:
படகு
படகு_புதிது
படகு_இறுதி
படகு_இறுதி_2
படகு_இதுதான்_இறுதி
படகு_தொடாதே_பால்தொமேரோ

நீரிணையைத் தாண்டி
பொர்வெனீருக்கு இன்று படகு போகலாமா
என்று சொல்லும் நிரல்.
நானூற்றுப் பன்னிரண்டு வரி.
நானும் பால்தொமேரோவும் நான்கு வருடமாக
ஒருவர் எழுதியதை ஒருவர் மிதித்து
எழுதியது.

செவ்வாய்க்கிழமை அது 'போகலாம்' என்றது.
போனது.
நடுவழியில் ஒரு லாரி சங்கிலி அறுந்து சாய,
இருபத்தாறு செம்மறிகள்
தளம் முழுக்கச் சறுக்கின.
ஓர் ஆட்டுக்குக் கால் போனது.
வேறொன்றும் ஆகவில்லை என்று
எல்லோரும் சொன்னார்கள்.

மேலாளர் ஒன்றுதான் கேட்டார்.
காற்றின் வரம்பு முப்பத்தைந்து முடிச்சு,
அதை முப்பத்தெட்டாக்கியது யார்?
(கயிற்று முடிச்சை எண்ணிக் கப்பல் வேகம் சொன்ன
பழக்கம் விடாமல்
காற்றையும் நாங்கள் முடிச்சிலேயே அளக்கிறோம்.)

ஆறையும் திறந்தேன்.
முதல் மூன்றில் முப்பத்தைந்து.
நான்காவதில், கடவுளே, நாற்பது.
கடைசி இரண்டில் முப்பத்தெட்டு.
'தொடாதே' என்றிருந்ததைத்தான்
அதிகம் தொட்டிருந்தோம்.

பால்தொமேரோ இப்போது வால்திவியாவில்.
அவன் பேச்சுக்குப் பின்னால் மழை கேட்டது.
'நானாக இருக்கலாம். நீயாகவும் இருக்கலாம்.
ஒரு ஜனவரி, பயணிகள் கூட்டம்,
தினமும் ரத்து என்று திட்டினார்களே,
நினைவில்லையா?'

நினைவில்லை.

அன்றிரவு கறுப்புத் திரையில்
இரண்டு சொல் அடித்தேன்.
'வெற்றுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது.'
வெற்று என்ற சொல் பிடித்திருந்தது,
கூட்டிப் பெருக்கிய அறை மாதிரி.
கடைசிக் கோப்பை மட்டும் உள்ளே வைத்து
கமிட் என்றேன்.
மறுத்தது.
முதலில் நீ யார் என்று சொல், என்றது.

நான்கு வருடத்தில் யாரும் கேட்காதது.
துறைமுகத்தில் நான் 'அந்தக் கணினிப் பெண்'.
நிரலின் ஒரு வரியிலும் என் பெயர் இல்லை.
மிர்னா குசனோவிச் என்று அடித்தேன்,
கடைசி எழுத்தின் தலையில் இருக்கும்
க்ரோவேஷியக் கீற்றையும் விடாமல்,
சம்பளச் சீட்டில்கூட அவர்கள் விட்டுவிடும் கீற்று.

என்ன மாற்றம் என்று அடுத்துக் கேட்டது.
'தொடக்கம்' என்று போட்டேன்.
பொய்.
அந்த ஜனவரி,
அவன் அழித்த என் அலைக் கணக்கு,
அதற்காக மூன்று வாரம் பேசாமல் இருந்தது,
எல்லாமே இரவு பதினொன்று நாற்பதுக்கு
ஒரே நொடியில்
நான் ஒருத்தி செய்ததாகப் பதிவானது.
எந்த வரி யாருடையது என்று
அதனிடமே கேட்டுப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு முறையும்
என் பெயரையே சொன்னது.
முப்பத்தெட்டுக்கும்.

சரி, இருக்கட்டும்.

இரண்டாவது கமிட் சின்னது.
சிவப்பில் ஒரு வரி போனது,
பச்சையில் ஒன்று வந்தது.
செய்தியாக எழுதினேன்:
'வரம்பு மீண்டும் முப்பத்தைந்து.
செவ்வாய்க்கிழமை ஆட்டின் கால்.
ஏற்ற நினைப்பவர்
ஏன் என்று இங்கே எழுதிவிட்டு ஏற்றவும்.'

காலையில் முப்பத்தாறு முடிச்சு.
படகு இல்லை.
பொர்வெனீர் என்றால் எதிர்காலம்;
எதிர்காலத்துக்குச் சீட்டு வாங்கிய வரிசை
கெட்ட வார்த்தையில் கொதித்தது.
கம்பளி விற்கும் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான்:
ஒரு முடிச்சுக்காகவா? யார் சொன்னது?
நான், என்றேன்.
அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

மதியம் வால்திவியாவிலிருந்து அழைப்பு.
எனக்கும் அனுமதி கொடு,
தனிக் கிளை ஒன்றில்
நாற்பதை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறான்.
கொடுத்தேன்.
அந்தக் கிளையில் படகு கிடையாது, ஆடு கிடையாது.
நூறுகூட வைத்துக்கொள்,
பெயரைப் போட்டு வை.