ஆரஞ்சுப் பொத்தான்

பத்துப் பெயரில் மூன்று பெண் இருக்கவேண்டும்,
சட்டம் அப்படி.
இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்:
ஒட்டாசீலியோவின் கொழுந்தியாள்,
கொழுந்தியாளுக்கு நகம் பூசுகிறவள்.
மூன்றாமவளைத் தேடிப்
பள்ளிச் சமையலறைக்கு வந்தபோது
நான் காராமணி களைந்துகொண்டிருந்தேன்.

"கையெழுத்து மட்டும்தான் மரினால்வா.
மேடையில்லை, கூட்டமில்லை, செலவில்லை."

முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டுக்கு
உப்புப் போடுகிறவள் நான்.
எது ருசிக்கு, எது ஒப்புக்கு என்று
எனக்கா தெரியாது?
ஆனாலும் ஈரக் கையைத் துடைத்துப்
பேனாவை வாங்கினேன்.
மகனுக்கு நகராட்சியில் ஒரு வேலை என்று
யாரோ சொன்னதுபோல் இருந்தது,
யாரும் சொல்லாததுபோலவும்.

படிவத்தில் நிறம் என்றொரு கட்டம்.
பிறப்புச் சான்றிதழில் நான் வெள்ளை;
பதிவாளருக்கு அப்பா இரண்டு கோழி கொடுத்திருந்தார்.
எழுத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
கருப்பு என்று குறித்தார்.
கருப்பருக்கு இந்த வருஷம் தனி நிதியாம்.
ஞாயிறுதோறும் இரும்புச் சீப்பைச் சூடாக்கி
அம்மா என் தலையிலிருந்து அழிக்கப் பார்த்ததை
ஒரே கீறலில் திருப்பித் தந்துவிட்டார்,
ரசீது கேட்காமல்.

பதினெட்டாயிரம் ரெயால் என் பெயருக்கு வந்து
ஒரு மத்தியானம் தங்கி
அவர் மைத்துனனின் அச்சகத்துக்குப் போயிற்று.
துண்டறிக்கையில் அவருடைய பல்வரிசை முழுதும்.
மூலையில் நான்,
தபால்தலை அளவு.

அக்டோபர் ஞாயிறு. வாக்கு எந்திரம்.
ஐந்து எண்ணையும் தட்டியதும்
திரையில் வந்துவிட்டேன்.
பள்ளி அடையாள அட்டைப் படம்,
நெற்றியில் சமையல் தொப்பி பதிந்த கோடு.
உறுதி செய்யப் பச்சை,
திருத்த ஆரஞ்சு.
எங்கள் பக்கம் பினாமி வேட்பாளருக்கும்
ஆரஞ்சு என்றுதான் பெயர்.

அவள் என்னைப் பார்த்தாள்.
என் வீட்டுப் படியேறி
ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள்.
தண்ணீர் பற்றி, மகன் பற்றி,
எதைச் செய்வேன் என்று எதுவும்.
எந்த முகத்தோடு போடுவது?
ஆரஞ்சை அழுத்தினேன்.
முகம் போயிற்று.

இரவு முடிவு வந்தது.
ஒட்டாசீலியோ வென்றார்.
மரினால்வா: ஒன்று.
பூஜ்ஜியமில்லை.
ஒன்று.

வழக்கானதும் வக்கீல் அந்த ஒன்றைக்
கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.
"உங்களுக்கு நீங்களே போட்டீர்கள்.
அவ்வளவு சொன்னால் போதும்,
நீங்கள் அசல் வேட்பாளர்,
பட்டியல் பிழைத்தது."

நீதிபதி பெண்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.
"அது என் வாக்கு இல்லை அம்மா" என்றேன்.
பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
மகனின் வேலை
செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவது
காதில் கேட்டது.

அதற்கப்புறம் இதே யோசனை.
யார்?
விரல் தவறியவரா?
வறட்சியில் லாரி வராத நாள்
காலிக் குடத்தோடு நகராட்சி வாசலில்
நான் போட்ட கூச்சலைக் கேட்டவரா?
வாயிற்காவலரை முறைத்துப் பார்க்கிறேன்,
பேருந்து ஓட்டுகிறவரை, கணக்கு டீச்சரை.
அவர்கள் பயந்து வணக்கம் சொல்கிறார்கள்.

மணி அடிக்கிறது.
அந்த ஆளுடைய பிள்ளை
இந்த வரிசையில் எங்கோ நிற்கலாம்.
காராமணி ஒரு கரண்டிக்கு மேலேயே விழுகிறது
எல்லாத் தட்டிலும்.
கடைசி வகுப்புக்குக் காணாது.
மறுபடி உலை வைக்கிறேன்.