பக்கம் 212

மைனஸ் இருபத்தேழு.
சல்லாவில் பதினொன்றுக்குத்தான் வெளிச்சம்.
நான் நாலரைக்கே சாலையை வழித்துவிட்டேன்.
நூலக பஸ் வரும் நாளென்றால்
பள்ளிக்கூட வளைவில் இரண்டு தரம்
கலப்பையை இறக்குவேன்.
மேலதிகாரிக்குத் தெரியாது.
தெரிந்தால் ஊர்போவுக்காக என்று நினைப்பார்.
பஸ்சை ஓட்டுவதும் முத்திரை குத்துவதும்
அந்த ஒரே ஆள்.

அவருக்காக இல்லை.
வெஸ்காராவுக்காக.

அங்கே ஆறுகள் மலை ஏறும்.
செத்தவர்களும் வரி கட்டவேண்டும், உப்பாக.
எட்டுத் தொகுதி முடித்தாயிற்று
எஞ்சினை அணைக்காமல்
பெட்ரோல் பங்க் ஓரம்
கையுறையைப் பல்லால் கழற்றி.

இருபது நிமிடம் நிற்கும் பஸ்.
அலமாரியில் மூன்று.

தடித்தது ஒன்பதாவது.
அதோடு சரி. பத்து கிடையாது.
எழுதியவள் இப்போது தேனீ வளர்க்கிறாளாம்.

நடுவில் இருப்பது முந்நூறு வருடம் முந்தைய கதை.
அரண்மனைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.
அதன் கூரை எரிந்து விழுந்ததை
மூன்றாம் தொகுதியில் பார்த்துவிட்டு வந்தவள் நான்.
கல் சுமப்பவனின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒல்லியானது படகுக்காரன் தவ்ரினுடையது.
இரண்டாம் தொகுதியில்
நாற்பதாம் பக்கத்தில் வந்து
நாற்பத்தொன்றில் மூழ்கியவன்.
அவனுக்கு எதற்கு ஒரு புத்தகம்?

"மூன்றையும் எடுத்துக்கொண்டு போ, ஹில்க்கா."
ஊர்போ துப்பறியும் கதைக்காரர்.
கொலைகாரன் யாரென்று கடைசியில் பார்த்துவிட்டு
முதலிலிருந்து நிம்மதியாகப் படிப்பார்.

என் கையை எனக்குத் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கு
அது ஒன்பதைத்தான் தேடிப்போகும்.
விடிந்தால் எனக்குப் போக
ஒரு நாடு இருக்காது.

இன்னொன்று.
எனக்கு முன்னால் இதில் யாரோ நடந்திருக்கிறார்.
பிடித்த வரியின் ஓரத்தில்
பென்சிலால் கடுகளவு புள்ளி.
எட்டிலும் அந்தக் கடுகு.
ஆறாவதில், அரசி சூனியக்காரியை மன்னித்த வரிக்கும்
வைத்திருந்தார்.
இரண்டு வாரம் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஒன்பதாவதைப் புரட்டினேன்,
வார்த்தையில் கண் படாமல்
ஓரத்தை மட்டும்.
நூறு. நூற்றறுபது. இருநூற்றுப் பன்னிரண்டு.
அதற்கப்புறம் வெள்ளை,
இன்னும் யாரும் வழிக்காத சாலை மாதிரி.

சலித்துவிட்டதா?
ஊர் மாறிப் போனாரா?
பென்சில்தான் தொலைந்ததா?
இல்லை, முடிக்க மனசில்லாமல்
அவரும்

ஊர்போ ஹாரன் அடித்தார்.
நான் அவருக்குப் பின்னால் இரண்டடியில்,
பஸ்சுக்குள்தான் நின்றிருந்தேன்.

ஒல்லிப் புத்தகத்தைத் திறந்தேன்.
முதல் வரி:
தவ்ரின் அன்று கயிற்றை அவிழ்க்கவில்லை.
ஓரத்தில் கடுகு.

ஓ, இங்கேயா இருக்கிறீர்கள்.

முத்திரை விழுந்தது.
ஒன்பதாவதைத் திருப்பி வைக்கிற சாக்கில்
பனிச்சறுக்குக் கையேடுகளுக்குப் பின்னால்
தள்ளிவிட்டேன்.
ஊர்போ பார்த்தார்.
வழக்கமாக அதட்டுகிறவர்
தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது பனி.
கலப்பையை இறக்கி
வளைவு தாண்டும்வரை
பஸ்சுக்கு முன்னால் நானே போனேன்.