எட்டு முதல் பத்தரை வரை

என் மனைவி நேற்றிரவு ஜீரோ ஆகிவிட்டாள்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணைப்படி
டொங்காட்டில் எங்கள் பக்கம்
எட்டு முதல் பத்தரை வரை இருட்டு.
எட்டு மூன்றுக்கு அவள் கோட்டை எரிந்தது.
நாலு லட்சம் குதிரைப்படை.
எட்டு மாதம் சேர்த்த கோதுமை.
டவரும் சேர்ந்து படுத்துவிட்டதால்
விளக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"பபிள் போட மறந்துட்டேன், குபேன்"
என்றாள் சலோஷினி,
பருப்பைத் தீயவிட்டவள் குரலில்.

நான் ஆடுவதில்லை.
எனக்கு இதெல்லாம் சமையலறைச் சுவர் வழியே வந்த படிப்பு.
பபிள் என்றால் கவசம்,
உள்ளே இருக்கும்வரை யாரும் தொட முடியாது.
ஜீரோ என்றால் ஒரு சிப்பாய்கூட மிச்சமில்லை.
ஆமை, கோட்டையை விட்டு வெளியே வராதவன்.
திமிங்கிலம், கிரெடிட் கார்டால் ஜெயிப்பவன்.
இவள் ஒரு ராண்டும் போடாத வகை.
எஃப்டூபி என்று அதைச் சொல்லும்போது
ரத்த வகையைச் சொல்வது போலிருக்கும்.

ஃபார்ம் என்ற சொல்தான்
எனக்கு நாள்பட்டுப் புரிந்தது.
வயலும் இல்லை, தோட்டமும் இல்லை.
அது ஓர் ஆள்.
திருப்பி அடிக்கத் தெரியாதவன்.
அவனைக் கொல்லமாட்டார்கள்;
வாரம் இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்
மறுபடி விளையவிடுவார்கள்.

அன்றைக்கு ஆலைப் பக்கமிருந்து
கரும்புத் தோகை எரித்த கரி
ஜன்னல் விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது.
களத்தில் அவள் பெயர் சால்-4417,
வெறும் பெயர் கிடைக்கவில்லையாம்.
நேட்டாலில் கப்பல் இறங்கியவர்களுக்கும்
பெயரோடு ஒரு நம்பர் உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் மைக்கில் ஒரு துருக்கிக்காரனைத்
திட்டிக்கொண்டிருந்தாள், நேரத்துக்குப் படை அனுப்பாததற்கு.
கரியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

எரித்தவன் போலந்தோ பல்கேரியாவோ.
எங்கள் மின்வெட்டு அட்டவணை
அவனுக்கு மனப்பாடம்.
எங்கள் கவுன்சிலருக்கு
அந்தப் பாக்கியம் இல்லை.

ஆறு வாரம் அவள் ஆமை.
பிறகு ஒருநாள் கடைக்கு வந்து
பழைய கார் ரேடியேட்டர்களுக்கு நடுவில் நின்று
"அந்த பெரிய பேட்டரி ரெண்டும் வேலை செய்யுமா?" என்றாள்.
இன்வெர்ட்டரைத் தோளில் நான் தூக்கி வந்தேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஒரு மணி நேரம்.

வியாழக்கிழமை எட்டு மணி.
தெரு அணைந்தது.
மேசைக்கடியில் ரூட்டரின் பச்சைப் புள்ளி மட்டும்.
கவசத்தை அவளே அவிழ்த்தாள்.
கோதுமையை வெளியே தெரியும்படி குவித்தாள்.
கோட்டைக்குள்ளே பிரேசில், துருக்கி,
ஃபீனிக்ஸில் பல் பிடுங்கும் டாக்டர் சிவராம் மூட்லி,
எல்லாருடைய படையும் நெருக்கியடித்து.
மைக்கில் ஒருவரும் பேசவில்லை.
எட்டு நாலு. வரவில்லை.
எட்டு ஏழு.
நான் தட்டு கழுவுவதை ஏன் நிறுத்தினேன் என்று தெரியாது.

"ராலி போட்டுட்டான்" என்றாள் மெல்ல.

ஐந்து நிமிடம். பிறகு சுவருக்கு அப்புறம்
பத்து நாட்டு மொழியில் கூச்சல்.
எதிர் வீட்டு நாய்கூடக் குரைத்தது.

அவன் ஜீஜீ என்று எழுதினான்.
நல்ல ஆட்டம் என்று பொருளாம்,
தோற்றவன் சொன்னால்தான் அதற்கு ருசியாம்.
அடுத்த வரியில் கேட்டான்:
இன்றைக்கு உங்களுக்கு இருட்டு இல்லையா?
இருக்கிறதே, என்று பதில் போட்டாள்,
மெழுகுவத்திக்கு என்னைத் தேடிக்கொண்டே.

இப்போது தூங்குகிறாள்.
தலையணைப் பக்கத்தில் போன்;
பபிள் இன்னும் ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
அதைத் தொடவில்லை.
பேட்டரிகளை மட்டும் சார்ஜில் போட்டேன்.

நாளைக்கு ஸ்டாங்கரிலிருந்து ஒருவர்
அவற்றைக் கேட்டு வருவார், முன்பணம் கொடுத்திருக்கிறார்.
விற்றுப்போயிற்று என்று சொல்ல வேண்டும்.