ஏழாம் தட்டு

கோட்டைமுனை, 1932

சவரக் கத்தியால் கண்ணா வேரைச்
சீவிச் சீவி
பதினொன்று பாழ்.
பன்னிரண்டாவதுக்குள் வெளிச்சம் நுழைந்தது.

விளக்கு, வில்லை, கண்ணாடித் தட்டு.
நாற்பது நிமிடம்.
மேசைப் பக்கம் மூச்சும் விடாதே
என்றார் பார்தலட் மாஸ்டர்.
விடவில்லை.
முப்பத்தோராம் நிமிடம்
கொழும்பு ரயில் வந்தது.

கழுவிப் பார்த்தால்
ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சுவர்.
"கலங்கிப் போச்சு. எண்ண ஏலாது."

கந்தோருக்கு எட்டாம் தட்டுப் போனது.
காற்றறை நூற்று நாலு,
நான்தான் எண்ணி எழுதினேன்,
பிழையில்லை.

ஏழாவதை உடைக்கச் சொன்னார்.
உடைத்தேன் என்றேன்.

யன்னலில் நிற்கிறது.
வெயில் ஏறும் நேரம்
வெள்ளைச் சுவரில் விழுகிறது வேர்:
வாவிச் சேற்றுக்குள் மூச்சுப் பிடித்திருந்தது,
எங்கோ ஒரு பாலத்தில்
ரயில் வருவதைக்
கேட்டபடி.